கிலுக்கைச் செடிக்குப் போட்ட வேலி

அக்டோபர் 11

நாற்பத்தொன்று. காலையில் இரண்டு முறை எண்ணிவிட்டேன். போன வருடம் நாற்பத்தாறு இருந்தது. இரண்டு தானாகக் காய்ந்தவை. மூன்றை யாரோ விறகுக்கு ஒடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இடுப்பளவு உயரமுள்ள ஒரு புதரை ஒடித்து அடுப்பில் வைக்கிற மனிதர்களுக்கு நடுவில்தான் நான் குடியிருக்கிறேன்.

ஊரில் இதைக் கிலுக்கை என்பார்கள். காய்ந்த காய்க்குள் விதை உருண்டு சத்தம் போடும். கிலுக்கையில் பல சாதி உண்டு. மற்றவை எந்தப் புறம்போக்கிலும் முளைத்துக் கிடக்கும். சாம்பல் பூத்த இலையும் மஞ்சள் இதழில் ரத்தக்கோடும் உள்ள இந்தச் சாதி, எனக்குத் தெரிந்து, அப்பா விட்டுப்போன இந்த நாலு ஏக்கர் தேரிச் செம்மணல் மேட்டில் மட்டும்தான் மிச்சம். கல்லூரியில் இருபத்தொன்பது வருடம் தாவரவியல் நடத்திவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு, இந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வந்து உட்கார்ந்திருப்பது இந்த நாற்பத்தொன்றுக்காக. உறவுக்காரர்கள் வேறு காரணம் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

வேலி போட வேண்டும்.

அக்டோபர் 19

வேலிக்கு உடைமரத்து முள் இரண்டு டிராக்டர் வந்து இறங்கியது. நாலு பக்கமும் அடைத்தாயிற்று. வடக்குப் பக்கம் வேலை நடக்கும்போது சுயம்புக்கனி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. முப்பத்தொரு ஆடுகள், ஒரு கூரைவீடு, பக்கத்தில் ஆட்டுப் பட்டி. அவ்வளவுதான் அவளுக்கு.

“டீச்சர், இது ஆடு போற பாதைல்லா? எங்கய்யா காலத்துலேருந்து இங்கன வழியாத்தான தருவைக்குப் பத்திட்டுப் போறோம்.”

தருவை என்பது தேரிக்கு அந்தப் பக்கம் மழைத்தண்ணீர் தேங்குகிற பெரும் பள்ளம். அவள் ஆடுகளுக்கு அதுதான் தண்ணீர்.

“அப்போ எங்கப்பா விட்டாங்க. இப்போ நான் விடலை. பட்டா என் பேர்ல இருக்கு.”

“சுத்திப் போனா ரெண்டு மைலு டீச்சர். இந்த வெயிலுக்குக் குட்டி தாங்காது.”

“குட்டியை வீட்டிலே கட்டிப்போடு.”

முள் சுமந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்கள். நான் அவர்களை வேலையைப் பார்க்கச் சொன்னேன். அவள் போகும்போது காறித் துப்பினாள். என் நிலத்துக்கு வெளியேதான் துப்பினாள்.

நவம்பர் 6

மழை இல்லை. ஒருநாள் அரைமணி நேரம் பெய்தது. மணல் உறிஞ்சியது தெரியவில்லை.

தொட்டியில் முளைக்கவைத்த இருபது கன்றுகளுக்கு மட்டும் தண்ணீர் வேண்டும். பெரிய செடிகள் கேட்கவில்லை. அவற்றின் வேர் எவ்வளவு ஆழம் போகிறதோ தெரியாது. தெற்கே முருங்கைத் தோப்பு வைத்திருக்கும் பால்துரையின் ஆழ்குழாயில் தினமும் ஆறு குடம் பிடிக்கிறேன். “செடிக்குன்னா சொல்லவா செய்யணும், எடுத்துக்கிடுங்க டீச்சர்” என்கிறார். பேச்சுக்காரர். குடம் நிறைவதற்குள் பேரன் பேத்தி கதையெல்லாம் சொல்லி முடித்துவிடுகிறார். நான் உம் கொட்டுவதில்லை. அப்படியும் நிறுத்துவதில்லை.

நவம்பர் 30

பூத்துவிட்டது. ஒரு துளி மழைக்கும் காத்திருக்காமல் முப்பத்தெட்டு செடிகள் பூத்திருக்கின்றன. நாள் முழுக்க வேறு ஒன்றும் செய்யவில்லை.

டிசம்பர் 14

பால்துரை இன்று வேலிக்கு வெளியே நின்று கேட்டார்: “ஆடுதான் இதத் தின்காதே டீச்சர், கசக்கும்லா. பொறவு எதுக்கு ஆட்டுக்கு வேலி?”

மிதித்துவிடும் என்றேன். அது பொய்யில்லை.

சொல்லாமல் விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். இதன் இலையிலும், அதைவிட அதிகமாகக் காயிலும் விதையிலும், கல்லீரலை அரிக்கிற நஞ்சு இருக்கிறது. மேய்ச்சல் உள்ள வருடத்தில் ஆடு இதை மோந்துவிட்டுப் போய்விடும். தேரியில் புல் இல்லாத வருடத்தில் பசி தாங்காமல் தின்னும். நான் இதை ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்ன மறுநாள் ஒரு வேர் மிஞ்சாது. பிடுங்கிப் போட்டுவிட்டு, நல்லது செய்தோம் என்று டீ குடிக்கப் போவார்கள்.

ஜனவரி 9

கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

காலையில் வட வேலியில் பத்தடி அகலத்துக்கு முள்ளைப் பிரித்து ஓரமாக அடுக்கியிருந்தது. ஆட்டுக் குளம்புத் தடம் நிலத்தின் நடுவில் போய்க் கிழக்கு வேலியையும் கடந்திருக்கிறது. போன வழியில் பதினோரு செடிகள் அடியோடு முறிந்து கிடந்தன. எல்லாம் காய் பிடித்த செடிகள்.

சுயம்புக்கனியின் பட்டிக்குப் போனேன். தண்ணீர்க் குடத்தைக் கீழே வைக்காமலே பேசினாள்.

“ஆமா, நாந்தான் பிரிச்சேன். ரெண்டு குட்டி வழியில செத்துச்சு. உங்க பூவப் பாக்கவா, என் ஆட்டப் பாக்கவா?”

“போலீஸுக்குப் போவேன்.”

“போங்க. அவங்களும் ஆட்டுக்கறி திங்கவங்கதான்.”

போனேன். எழுத்தர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “செடிதான மேடம்?” என்றார். கிராம நிர்வாக அலுவலர், பாதை விஷயத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளச் சொன்னார்.

ஒடிந்த கொப்புகளை எல்லாம் பொறுக்கி வட வேலிக்கு வெளியே குவித்தேன். எருக்குழி அளவு குவியல். காய்கள் இன்னும் பச்சை, விதை முற்றவில்லை. முப்பது செடிகள் மிச்சம்.

ஜனவரி 15

பொங்கல். யாரும் வரவில்லை. நானும் போகவில்லை. பால்துரை வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. முந்திரி அதிகம்.

ஜனவரி 17

மறுபடி பிரித்திருக்கிறாள். நேற்றுத்தான் அடைத்தேன். இன்னும் இரண்டு செடிகளில் கிளை முறிவு. முள்ளைத் தலையில் சுமந்து தூர எறிந்திருக்கிறாள், திரும்ப எடுத்து வைக்க முடியாதபடி.

ஜனவரி 18

வேலியின் ஓட்டையை அடைத்தேன். முள் போதவில்லை. கையில் கிடந்ததை வைத்து அடைத்தேன். பின்னங்கழுத்தில் வெயில் கொப்பளம் வந்துவிட்டது. மதியம் கஞ்சி, தேங்காய்த் துவையல். தொட்டிக் கன்றுகளில் ஒன்றுக்கு இலைப்புள்ளி நோய்.

ஜனவரி 20

வடக்குப் பக்கம் போகவில்லை. விதை உலர்த்தினேன், உறைகளில் போட்டுத் தேதி எழுதினேன்.

ஜனவரி 22

இன்று போய்ப் பார்த்தேன். ஓட்டை திறந்து கிடக்கிறது. நான் அடைத்ததில் முள் மட்டும் மிச்சம். பக்கத்துக் குவியலிலும் பாதி இல்லை. கொப்புகளில் காய் ஒன்றுகூட இல்லை, கடித்த காம்புகள்தான்.

காற்று அடித்துக்கொண்டு போயிருக்கலாம். இங்கே காற்று அதிகம்.

ஜனவரி 28

சுயம்புக்கனியின் ஆடு ஒன்று செத்துவிட்டதாகப் பால்துரை குழாயடியில் சொன்னார். இரை எடுக்காமல் நின்று, சுவரில் தலையை முட்டிக்கொண்டே இருந்து விழுந்ததாம். கண் மஞ்சளாக இருந்ததாம்.

எனக்கு நான்கு குடம் போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 31

ஐந்து ஆடுகள்.

பிப்ரவரி 1

பால்துரை முருங்கைக்குப் பூச்சிமருந்து அடித்தது இருபதாம் தேதி. கலந்த தொட்டியை மூடாமல் வைத்திருந்தார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சுயம்புக்கனியின் தம்பிகள் இரண்டு பேர் நேற்று மாலை வந்து அவருடைய சொட்டுநீர்க் குழாய்களை எல்லாம் அறுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்று காலை போலீஸ் அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்திருக்கிறது.

யாராவது என்னிடம் கேட்டால் நான் விஷம் வைக்கவில்லை என்று சொல்வேன். அது உண்மை. விஷம் வைப்பது என்றால் கடையில் வாங்கி, சோற்றில் பிசைந்து வைப்பது. என் நிலத்தின் வேலியை நான் அடைத்தேன். முறித்துப் போட்டது அவள் ஆடு.

யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 3

குடத்தோடு போனேன். பால்துரையின் மனைவி மோட்டாரைப் போட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நின்றாள். “அவுக சாப்பிடவே மாட்டேங்காக டீச்சர். நான் ஒரு உசுரக் கொல்லுவனான்னு திரும்பத் திரும்பக் கேக்காக. நீங்க படிச்சவங்க, ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

பார்க்கிறேன் என்றேன். ஆறு குடமும் நிறைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 4

கால்நடை மருத்துவர் மரியசெல்வம் என் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது. சட்டையில் ரத்தக் கறை. ஏழாவது ஆட்டை அறுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கல்லீரல் கல் மாதிரி இருக்கிறதாம். பூச்சிமருந்தாகத் தெரியவில்லையாம்.

“மேடம், உங்க இடத்துல கிலுக்கை இருக்குன்னாங்க. நீங்க பாட்டனி ப்ரொபசர். சில கிலுக்கையில கல்லீரலைப் பாதிக்கிற சரக்கு உண்டு. ஆடு தின்னிருக்குமா?”

“வேலி போட்டிருக்கிறேன் சார். தவிர, ஆடு இதைத் தொடாது.”

தண்ணீர் கேட்டுக் குடித்தார். “தெரிஞ்சா நிறுத்திடலாம் மேடம். மருந்து கிடையாது. தின்னுறத நிறுத்துனா மிச்ச ஆடு சிலது பிழைக்கும்” என்று சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தார்.

நான் அவருக்கு மோர் கொடுத்திருக்க வேண்டும். தண்ணீர்தான் கொடுத்தேன்.

பிப்ரவரி 6

காலை பத்து மணிக்கு வட வேலிப் பக்கம் போனேன். குவியல் முழுக்கக் காணோம். மண்ணில் இழுத்துப்போன தடம் இருந்தது. ஆடு இழுத்த தடமில்லை. கயிற்றில் கட்டி ஆள் இழுத்த தடம். தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். பட்டியில் போய் முடிந்தது.

சுயம்புக்கனி ஒரு பெட்டையாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் கொப்புகள். வதங்கிய இலையைக் கிள்ளி, ஒரு காயையும் சேர்த்து, அதன் வாய்க்குள் விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். டாக்டர் அடுத்த ஆட்டுக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு முதுகுப் பக்கம் இது.

“தின்னு தாயி. ஒருவாயி தின்னு. வேற பச்சையே கெடைக்கலயே. இது நீ தின்னதுதான, தின்னு.”

“அதைக் கொடுக்காதே” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். “இதுவும் உங்க பட்டாவா? குப்பைல கெடந்தது.”

“சுயம்பு, கொடுக்காதே. அதுதான் கொல்லுது.”

டாக்டர் திரும்பி, அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். குளுக்கோஸ் பாட்டிலை ஆணியில் மாட்டிவிட்டு வந்து, ஆட்டின் வாய்க்குள் விரலைவிட்டு எல்லாவற்றையும் வழித்து எடுத்தார். நான் சொன்னேன். வேலியை எதைக் கொண்டு அடைத்தேன் என்பது, எந்தத் தேதி, குவியல், எல்லாம். என் குரல் வகுப்பில் பாடம் சொல்வது மாதிரி இருந்தது. அது எனக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை.

முடித்ததும் சுயம்புக்கனி கேட்டாள். சத்தம் போடவில்லை.

“இது கொல்லும்னு உனக்கு எப்பத் தெரியும்?”

இதுவரை அவள் என்னை ‘நீங்க’ என்றுதான் சொன்னாள்.

“முதல்லயே தெரியும்.”

“வேலியில வைக்கும்போது?”

“தெரியும்.”

“ஆடு திங்கும்னு?”

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தின்னட்டும்னு நினைச்சேன்” என்றேன்.

இப்போது இந்த நோட்டில் ஜனவரி பதினெட்டாம் தேதிக்கு எழுதியதைத் திருப்பிப் படித்தேன். ‘கையில் கிடந்ததை வைத்து அடைத்தேன்’ என்று இருக்கிறது. கையில் கிடக்கவில்லை. குவியலிலிருந்து காய் அதிகமுள்ள கொப்பாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். ஆட்டின் வாய் உயரத்துக்கு வைத்தேன்.

பட்டியில், நான் சொன்னதைக் கேட்டதும் அவள் விரல்களைச் சேலையில் துடைத்தாள். இவ்வளவு நேரம் தானே ஊட்டிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். “போ” என்றாள். நான் நின்றேன். காசு கொடுத்துவிடுகிறேன் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். “போயிரு. நான் எந்திரிச்சா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது” என்றாள்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் இந்தத் தடவை ‘செடிதான’ என்று சொல்லவில்லை. வழக்குப் போடுவதா என்று இன்ஸ்பெக்டர் வந்து முடிவு செய்வாராம். வெளியூர் போகக்கூடாதாம்.

பிப்ரவரி 7

பால்துரை வீட்டுக்குப் போனேன். கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து உட்காரவில்லை.

“அஞ்சு நாளு அங்கன வச்சு என்ன பேசுனாங்க தெரியுமா டீச்சர். நீங்க தினம் வந்து தண்ணி எடுத்திட்டுப் போனீங்க.”

“ஆமாம்.”

“இனிமே வராதீங்க.”

நாள் முழுவதும் அவ்வளவு பேசுகிற மனிதர் அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. தொட்டிக் கன்றுகளுக்கு இன்று தண்ணீர் இல்லை.

பிப்ரவரி 8

காலை ஏழு மணி. சுயம்புக்கனி தனியாக வந்தாள், அருவாளோடு. வேலியைத் தாண்டி உள்ளே வந்து, வடக்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள்.

நான் வாசலில் நின்றேன். ஒரு வெட்டுக்கு ஒரு செடி. பழகின கை. ஒவ்வொரு செடியையும் வெட்டி, தூரைக் காலால் அசைத்துப் பிடுங்கி, தூக்கி என் வீட்டைப் பார்த்து எறிந்தாள். சில என் காலடி வரைக்கும் வந்தன. தடுக்க வேண்டும் என்று உடம்பு இரண்டு தடவை கிளம்பியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். உலகத்திலேயே கடைசியாக இருப்பவை என்று கத்தத் தோன்றியது. யாரிடம் கத்துவது?

பதிமூன்று வெட்டினாள். பிறகு நின்றாள். மூச்சு வாங்கியது. நேற்று இரண்டு போனதோடு பதினோரு ஆடுகள் செத்திருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். இவள் தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ.

மடித்துக் கட்டியிருந்த சேலையை இறக்கிவிட்டாள். அருவாளை மணலில் குத்தி நிறுத்தினாள்.

“மிச்சத்த நீ வெட்டு.”

“சுயம்பு...”

“நீதான நட்டுக் காத்த. நீயே வெட்டு. எப்படி இருக்குன்னு பாரு.”

போய்விட்டாள். அருவாள் அங்கேயே நின்றது. மதியம் வரை நான் அதன் பக்கம் போகவில்லை.

பிப்ரவரி 10

நேற்றும் இன்றும் நடந்தது.

அவளுடைய பழைய பாதை எதுவென்று தரையில் கோடு போட்டுப் பார்த்தேன். கயிறு கட்டி அளந்தேன். முப்பதடி அகலம் விட்டால்தான் இருபுறமும் ஆட்டின் வாய் எட்டாது. காற்றில் உருளும் காயும் வந்து விழாது. அந்த முப்பதடிக்குள் மிச்சமிருந்தவை எட்டுச் செடிகள். அதில் ஒன்று, நான் மாணவியாக இருந்தபோது முதல் தடவையாகப் பார்த்துப் பெயர் தேடிய செடியின் தூரிலிருந்து கிளைத்தது.

எட்டையும் வெட்டினேன். அவள் மாதிரி ஒரே வெட்டில் வரவில்லை. மூன்று, நான்கு வெட்டு ஆனது. நார் முறுக்கிக்கொண்டது. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. வெட்டியதை எல்லாம், அவள் எறிந்ததையும், விதை உறைகளையும், வாடிப்போன தொட்டிக் கன்றுகளையும் சேர்த்து, வாசலில் போட்டுக் கொளுத்தினேன். தீயில் காய் வெடித்துச் சிதறியது. ஒவ்வொரு விதையாகத் தேடிப் பொறுக்கித் திரும்பத் தீயில் போட்டேன். பொறுக்கும்போது இரண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு அதையும் போட்டேன்.

மிச்சமுள்ள ஒன்பதும் தெற்கு மூலையில் இருக்கின்றன. அவற்றையும் வெட்டத்தான் அவள் சொன்னாள். வெட்டவில்லை. இதற்கு எனக்கு எந்த நியாயமும் கிடையாது. அவள் வந்து வெட்டினால் நான் தடுக்கமாட்டேன்.

பிப்ரவரி 12

முள்ளை எல்லாம் தெற்கே இழுத்துப்போய் ஒன்பது செடிகளைச் சுற்றி இரட்டை வேலியாக அடைத்தேன். முள் மட்டும். வடக்கிலும் கிழக்கிலும் இனி வேலி இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பாதையில் கிடந்த மூன்று காய்களைக் கண்டுபிடித்து என் கையில் கொடுத்தார். ஊர்க்காரர்களைக் கூட்டி, எது எந்தச் செடி, ஆடு தின்றால் என்ன ஆகும் என்று நானே சொல்ல வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கல்லெறிந்தாலும் எறிவார்கள் என்று அவரே சொன்னார்.

பிப்ரவரி 14

காலையில் அருவாளைக் கழுவி, எண்ணெய் தடவி எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனேன்.

இருபதுக்கும் குறைவான ஆடுகள் நின்றன. இரண்டுக்குக் காது நுனி வெயிலில் வெந்து உரிந்திருந்தது; கல்லீரல் கெட்டால் தோல் வெயில் தாங்காது. மடியில் தலை வைத்திருந்த அந்தப் பெட்டை ஆட்டைத் தேடினேன். இல்லை. கேட்கவில்லை.

சுயம்புக்கனி பட்டிக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

“பாதை திறந்திருக்கு. சுத்தம் பண்ணியாச்சு. நேரா தருவைக்குப் போகலாம்.”

அவள் கதவை ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

“ஒன்பது வெட்டலை. தெற்கு மூலையில் இருக்கு. வேலி போட்டிருக்கேன். ஆடு போற பக்கம் இல்லை.”

“ஒம்போது” என்றாள். ஆடுகள் ஒவ்வொன்றாகக் கதவைத் தாண்டின. கடைசி ஆடு போனபிறகு என்னைப் பார்த்தாள். “அதுல ஒரு காயி என் பாதையில கெடந்துச்சுன்னு வையி, செடிய வெட்ட வரமாட்டேன்.”

புரிந்தது. தலையை ஆட்டினேன். அருவாளை நீட்டினேன்.

அவள் கையை நீட்டவில்லை.

“கீழ வையி.”

வைத்தேன். நான் நாலடி தள்ளிப் போகும்வரை காத்திருந்து, குனிந்து எடுத்துக்கொண்டு ஆடுகளின் பின்னால் போனாள்.